தொறந்த கை, மூடுன கை, அப்புறம் ஒரு பாட்டி

டிஸ்கி: இது ஜப்பான்காரங்க ஆடுற மாஜாங் பத்தின பதிவு. காசு வெச்சு ஆடலை. அதனால "ஆன்சைட் போன பய சூதாடுறான்"னு யாரும் எங்க வீட்டுக்குப் போன் போட்டுடாதீங்க மக்கா.

நான் இருக்கிறது டோக்கியோவுல நிஷிகசாய் பக்கம். நம்ம ஊரு பொட்டி தட்டுற கூட்டம் நிறைய இருக்கிற ஏரியா. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நின்னா தமிழ், தெலுங்கு, ஹிந்தின்னு எல்லாம் காதுல விழும். வந்த புதுசுல வாரக் கடைசின்னா துணி துவைக்கிறது, சாம்பார் வைக்கிறது, ஊருக்கு வீடியோ கால் போடுறது. மூணும் முடிஞ்சும் ஞாயித்துக்கிழமை முழுசா மிச்சம் இருக்கும். அப்பதான் க்ளையண்ட் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர், "எங்க அம்மா போற மாஜாங் கிளப்ல ஆள் பத்தல, வர்றியா?"ன்னு கேட்டார். அந்த அம்மாதான் இந்தப் பதிவோட நாயகி. எழுபத்தெட்டு வயசு. நேர்ல 'சென்செய்'னு கூப்பிடுவேன். இங்க பாட்டின்னே எழுதிக்கிறேன்.

மாஜாங்னா சினிமாவுல வர்ற புகை மண்டலம், கடன்காரன், கண்ணாடி போட்ட ரவுடின்னு நெனச்சுட்டுப் போனேன். அங்க போனா பச்சைத் தேநீர், அரிசி பிஸ்கட், நாலு டேபிள் நிறைய தாத்தா பாட்டி. 'ஆரோக்கிய மாஜாங்'னு இதுக்குப் பேராம். காசு வெக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, அதுதான் கொள்கை. மூளை மங்காம இருக்க ஆடுறாங்க. (2020 ஏப்ரல்ல வந்த சட்டத்துக்கப்புறம் காசுக் கடைகள்லயே நெனச்ச இடத்துல பத்த வெக்க முடியாதுங்கிறது வேற விஷயம்.)

ஆட்டம் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஹாஸ்டல்ல ரம்மி ஆடுன பயலுகளுக்கு அஞ்சு நிமிஷம் போதும். சீட்டுக்குப் பதிலா காய். 34 விதம், ஒவ்வொண்ணுலயும் 4, மொத்தம் 136. வட்டம், மூங்கில், சீன எழுத்து எண்கள்னு மூணு வகை, ஒவ்வொண்ணுலயும் 1 முதல் 9. அதுபோக நாலு திசை, மூணு டிராகன். கையில 13 காய், ரம்மி மாதிரியேதான். ஒண்ணு எடுத்து ஒண்ணு போடணும். 14-வது காய் வரும்போது நாலு செட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்திருந்தா ஜெயிச்சாச்சு. நாமளே எடுத்து முடிச்சா 'ட்சுமோ'. அடுத்தவன் போட்டதுல முடிச்சா 'ரோன்', போட்டவன் பணால்.

ரம்மியில கீழ கிடக்கிற சீட்டை எடுத்தா அது நம்ம கைக்குள்ள போயிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. இங்க அப்படி இல்லை. அடுத்தவன் போட்ட காயை வெச்சு செட்டு சேர்த்தா, அந்த செட்டை எல்லாரும் பாக்குற மாதிரி நம்ம வலது மூலையில பப்பரப்பேன்னு வெச்சிடணும். இடது பக்கத்துக்காரன்கிட்ட இருந்து மட்டும் வரிசைக்கு எடுக்கலாம், அது 'சீ'. யார்கிட்ட இருந்து வேணா மூணு ஒரே காய்க்கு எடுக்கலாம், அது 'பொன்'. (பேரு பொன்னுதான், ஆனா எனக்கு ஒரு நாளும் தங்கமா அமைஞ்சதில்ல.) ஒரு தடவை எடுத்துட்டாலும் போச்சு, கை தொறந்த கை. எதுவுமே எடுக்காம இருந்தா மூடுன கை, அவங்க பாஷையில 'மென்சென்'.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு நானும்தான் நெனச்சேன்.

முதல் நாளே வலது மூலையில நகைக்கடை மாதிரி அடுக்க ஆரம்பிச்சுட்டேன். வட்டத்துல 1-2-3க்கு ஒரு சீ. மேற்குத் திசைக்கு ஒரு பொன். கையில எழுத்துல 4-5-6, ஒரு ஜோடி 9, மூங்கில்ல 7-8. மூங்கில் 6 இல்லைன்னா 9 வந்தா முடிஞ்சது. எதிர்ல இருந்த தாத்தா மூங்கில் 9 போட்டார். "ரோன்!"னு நான் போட்ட சத்தத்துல அடுத்த டேபிள்காரங்க திரும்பிப் பாத்தாங்க.

பாட்டி என் காய்களை ஒரு தடவை பாத்துட்டு, "யாக்கு எங்க?"ன்னாங்க.

ரம்மியில ஜோக்கர் இல்லாம ஒரு ஒரிஜினல் சீக்வென்ஸ், லைஃப்னு சொல்லுவோமே, அது இல்லாம டிக்ளேர் பண்ணா என்ன ஆகும்? அதேதான். யாக்குங்கிறது ஜெயிக்கிறதுக்கான தகுதி. நாலு செட்டு ஒரு ஜோடி சேர்ந்தா மட்டும் பத்தாது, பட்டியல்ல இருக்கிற ஏதாவது ஒரு யாக்கு இருக்கணும். என் கையில ஒண்ணும் இல்ல. 1-2-3 இருக்கிறதால 'தன்யாவ்', அதாவது 2 முதல் 8 வரைக்கும் மட்டும் வெச்சு முடிக்கிறது, கிடையாது. மேற்கு அந்த ஆட்டத்துல என் திசையும் இல்ல, சுத்துக்கான திசையும் இல்ல. டோரான்னு ஒரு போனஸ் காய் இருந்துச்சு. அது யாக்கு கணக்குல வராது. அவ்வ்வ்வ்.

பொய்யா டிக்ளேர் பண்ணா 'சோம்போ'. அபராதம் 8000. டீலருக்கு 4000, மத்த ரெண்டு பேருக்கு 2000, 2000. ஆரம்பத்துல ஆளுக்கு 25,000தான் குடுத்திருப்பாங்க. "இன்னிக்குதான முதல் நாள், விட்டுடலாம்"னு அந்தத் தாத்தா சொன்னார். பாட்டி விடல. ஒவ்வொரு குச்சியா (புள்ளிக்குக் குச்சி வெச்சிருப்பாங்க) எண்ணி வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, "இதே கையை மூடி வெச்சிருந்தா, காய் என்னவா இருந்தாலும் ஒரு ரீச்சி சொல்லி ஜெயிச்சிருக்கலாம்."

மேட்டரே இங்கதான். கையை மூடி வெச்சிருந்து, இன்னும் ஒரே காய்தான் பாக்கின்னு ஆனதும், 1000 புள்ளிக் குச்சியை நடுவுல வெச்சு "ரீச்சி"ன்னு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பே ஒரு யாக்கு. அதுக்கப்புறம் கையை மாத்த முடியாது, வர்ற காய் நமக்கு ஆகலைன்னா போட்டுத்தான் ஆகணும். ஆனா ஜெயிச்சா அடியில மறைஞ்சிருக்கிற 'ஊரா டோரா'வும் பாக்கலாம். தொறந்த கைக்காரனுக்கு இந்த வழியே அடைப்பு. ரீச்சி மட்டும் இல்ல, 'பின்ஃபூ', ஒரே வரிசை ரெண்டு தடவை வர்ற 'ஈப்பேகோ', ஏழு ஜோடி வர்ற 'சீத்தோய்த்சு', மூடுன கையில தானே எடுத்து முடிக்கிற ட்சுமோவுக்கான ஒரு ஹான், எல்லாமே மூடுன கைக்கு மட்டும்.

சில யாக்கு தொறந்தாலும் உண்டு, ஆனா மதிப்பு ஒண்ணு கொறையும். இதுக்கு 'குய்சகாரி'ன்னு பேரு, தின்னதால எறங்குறதுன்னு வெச்சுக்கலாம். ஒரே வரிசை மூணு வகையிலயும் வர்ற 'சன்ஷோகு' 2-ல இருந்து 1. ஒரே வகையில 1 முதல் 9 வரை போற 'இத்சு'வும் அப்படியே. ஒரே வகையும் திசை-டிராகனும் கலந்த 'ஹோனித்சு' 3-ல இருந்து 2. ஒரே வகை மட்டும் உள்ள 'சீனித்சு' 6-ல இருந்து 5.

ஒண்ணுதான கொறையுதுன்னு தோணும். அங்கதான் என்னைய மாதிரி இஞ்சினியரிங் படிச்ச பயலே ஏமாந்தேன். புள்ளி கூட்டல் கணக்கு இல்ல, பெருக்கல் கணக்கு. 'ஃபூ'ன்னு ஒரு அடிப்படை எண். அதை 2-இன் அடுக்கு (ஹான் + 2)-ஆல பெருக்கணும். டீலர் இல்லாதவன் ரோன் பண்ணா அதுல நாலு மடங்கு, நூறுக்கு மேல்நோக்கி முழுசாக்கணும். 30 ஃபூவுக்கு ஒரு ஹான்னா 1000, ரெண்டுன்னா 2000, மூணுன்னா 3900, நாலுன்னா 7700. அஞ்சுல இருந்து 'மங்கன்', 8000-ல நிக்கும். ஆறுன்னா 12,000. ஒரு ஹான் போனா ஏறக்குறைய பாதி போச்சு.

ஒரு கையைப் பாருங்க. எழுத்து 2-3-4, வட்டம் 2-3-4, மூங்கில் 2-3-4, வட்டம் 6-7-8, ஜோடிக்கு எழுத்து 5. கடைசியா வட்டம் 6-7 வெச்சு 5-க்கோ 8-க்கோ காத்திருந்து, எவனோ 8 போடுறான். மூடியே வெச்சு ரீச்சி சொல்லியிருந்தா: ரீச்சி 1, தன்யாவ் 1, பின்ஃபூ 1, சன்ஷோகு 2. மொத்தம் 5, மங்கன், 8000. இதே கையில மூங்கில் 3-ஐ மட்டும் அவசரப்பட்டு சீ பண்ணியிருந்தா: ரீச்சி போச்சு, பின்ஃபூ போச்சு, சன்ஷோகு பாதியாச்சு. தன்யாவ் 1, சன்ஷோகு 1. 2000. அதே பதினாலு காய். ஒரே ஒரு காய் எந்த வழியா உள்ள வந்துச்சுங்கிறதுக்கு 6000 புள்ளி.

அப்ப எதுக்குத் தொறக்கணும்? வேகம். மத்த மூணு பேர் போடுற காயும் நமக்குக் கிடைக்கும். டிராகன் மூணு சேர்த்தா தொறந்தாலும் மூடினாலும் ஒரு ஹான்தான், அதனால அதைப் பொன் பண்றதுல நட்டம் கம்மி. எல்லாமே மும்மூணா வர்ற 'தோய்தோய்' தொறந்தாலும் 2 ஹான்தான், அதைத் தொறக்காம ஆடுறேன்னு அடம் பிடிக்கிறது என் கணிப்புல வீம்பு. ஆனா இன்னொரு விலையும் உண்டு. மூணு தடவை தொறந்தா கையில மிச்சம் நாலே காய். எதிராளி ரீச்சி போட்டா அவனுக்கு ஆபத்தில்லாத காயைத் தேடிப் போட நம்மகிட்ட சரக்கு இருக்காது. முண்டா பனியனோட மழையில நிக்கிற மாதிரி. 2018-ல ஆரம்பிச்ச எம்-லீக் ஆட்டங்களைப் பாத்தா, தொழில்முறை ஆட்டக்காரங்க ஒரு சீ பண்ணலாமா வேணாமான்னு எவ்வளவு யோசிக்கிறாங்கன்னு தெரியும்.

பாட்டி பெரும்பாலும் தொறக்கவே மாட்டாங்க. நாம போடுற காய் அவங்களுக்கு ஆகுமான்னு முகத்துல ஒண்ணும் தெரியாது. கணக்கு மட்டும் மின்னல். யார் ஜெயிச்சாலும் மத்தவங்க விரல் மடக்குறதுக்குள்ள ஃபூ கூட்டி, ஹான் சொல்லி, புள்ளி சொல்லிடுவாங்க.

நமக்குதான் கை சும்மா இருக்காதே, ஒரு வாரம் ஆணி கம்மியா இருந்தப்போ புள்ளி கணக்குப் போட ஒரு நிரல் எழுதினேன். கை தொறந்ததா இல்லையான்னு ஒரு கொடி. மூடுன கையில ரோன்னா ஃபூவுல பத்து கூட்டு, தொறந்ததுன்னா கூட்டாத. சிம்பிள்னு நெனச்சேன். முதல் சனிக்கிழமையே நிரல் ஒரு தொறந்த தன்யாவுக்கு 700ன்னு காட்டுச்சு. பாட்டி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ரோன்ல 700ன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். தொறந்த கையில கூட்ட எதுவுமே இல்லாம 20 ஃபூ வந்தாலும் 30-ஆ எடுத்துக்கணும்னு ஒரு விதிவிலக்கு. அடுத்த வாரம், நாலு ஒரே காயையும் தானே எடுத்து வைக்கிற கானைத் தொறந்ததுன்னு எடுத்துக்குச்சு. அதை மேஜையில காட்டி வெச்சாலும் கை மூடுன கைதான், ஏன்னா யார்கிட்டயும் வாங்கலையே. இப்படி வாரம் ஒரு பக்கு. க்ளையண்ட்டுக்குக் கூட நான் இவ்வளவு பொறுப்பா திருத்திக் குடுத்ததில்ல, டேமேஜர் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல சொல்றேன்.

ஒரு நாள் ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்தப்போ, ஏன் இவ்வளவு வேகமா கணக்கு சொல்றீங்க, போட்டியான்னு கேட்டேன். அவங்க அக்காவும் ஆடுவாங்களாம். ஃபூ கூட்டும்போது அக்கா தடுமாற ஆரம்பிச்சப்போ எல்லாரும் கேலி பண்ணாங்களாம். அப்புறம் ஒரு வருஷத்துல வீட்டுக்கு வழி தெரியல. "அதனால நான் சனிக்கிழமை சனிக்கிழமை என்னைச் செக் பண்ணிக்கிறேன்"னாங்க, ஏதோ ரத்த அழுத்தம் பாக்குற மாதிரி.

போன மாசம் நடந்தது இது. நான் டீலர். பாட்டி என் வலது பக்கம். நான் மூங்கில் 4 போட்டேன். "சீ"ன்னாங்க. எனக்கே ஆச்சரியம். 2-3-4 மூலைக்குப் போச்சு. அஞ்சாறு சுத்து கழிச்சு வட்டம் 1 போட்டேன். "ரோன். பின்ஃபூ, டோரா ஒண்ணு. 2000."

காயைப் பாத்தேன். எழுத்து 4-5-6, வட்டம் 6-7-8, வட்டம் 2-3 வெச்சு 1-4க்குக் காத்திருப்பு, ஜோடி எழுத்து 9. அழகான பின்ஃபூ. மூலையில அந்த 2-3-4 மட்டும் இல்லாம இருந்திருந்தா. தொறந்த கைக்குப் பின்ஃபூ கிடையாது. 9 இருக்கு, தன்யாவும் இல்ல. யாக்கே இல்ல.

எதிர்ல இருந்த தாத்தா தேநீர்க் கோப்பைக்குள்ள எதையோ தேடிக்கிட்டு இருந்தார். இன்னொருத்தர் என்னையப் பாத்தார். நான் டிராயரைத் தொறந்து ரெண்டு ஆயிரம் குச்சி எடுத்து பாட்டி முன்னாடி வெச்சேன். யோசிச்செல்லாம் வெக்கல, கை தானாப் போச்சு.

பாட்டி குச்சியைத் தொடல. மூலையைப் பாத்தாங்க. திரும்பக் கையைப் பாத்தாங்க. "சோம்போ"ன்னாங்க, மெதுவா.

"பரவாயில்ல சென்செய்..."

"எண்ணு." அவங்களே எண்ணினாங்க. டீலருக்கு 4000. எனக்கு. மத்த ரெண்டு பேருக்கு ரெண்டு ரெண்டாயிரம். என் ரெண்டு குச்சியைத் திருப்பித் தள்ளினாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "நீ பாத்தியா?"ன்னாங்க.

"இல்ல சென்செய், கவனிக்கல."

"கணக்குக்கு நிரல் எழுதுற பையன் கவனிக்கல." அவ்வளவுதான். காயைக் கலைச்சு மறுபடி அதே ஆட்டம். அன்னிக்கு அவங்க யாருக்கும் புள்ளி சொல்லல. நாங்க மூணு பேரும் விரல் மடக்கி, பேப்பர்ல எழுதிக் கூட்டினோம். ஒரு தடவை நான் சத்தமாத் தப்பாச் சொன்னேன், திருத்துவாங்கன்னு. திருத்தல.

அடுத்த சனிக்கிழமை வரல. அதுக்கடுத்ததும் வரல. ஆபீஸ்ல மகன்கிட்ட கேட்டேன். "ஜலதோஷம்"னார், மானிட்டர்ல இருந்து கண்ணை எடுக்காம.

மூணாவது வாரம் எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தாங்க. ஆட்டம் ஆரம்பிக்கல. "மூணு கணக்கு கேளு. மூணும் சரியாச் சொன்னாத்தான் இன்னிக்கு ஆடுவேன்"னாங்க. நான் லேப்டாப்பைத் தொறந்து நிரலை ஓட விட்டேன். முதல் ரெண்டும் பட் பட்டுன்னு வந்துச்சு. மூணாவதா நானே காயை மேஜையில அடுக்கினேன். மூடுன கை, ரீச்சி மட்டும். கையிலயே சேர்ந்த மூங்கில் 5 மூணு. எழுத்து 1 ரெண்டு, வட்டம் 8 ரெண்டு வெச்சிருந்து, எவனோ எழுத்து 1 போட்டு ரோன். மத்தது ரெண்டும் வரிசை.

பாட்டி விரல் மடக்கவே ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க. "40 ஃபூ. 1300."

திரையில 50 ஃபூ, 1600ன்னு இருந்துச்சு. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. சரின்னு சொல்லிடலாமான்னு ஒரு செகண்டு பாத்தேன். போன தடவை அந்தப் பொய்க்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் வந்துச்சு.

"நிரல் 50ங்குது சென்செய்."

லேப்டாப்பை அவங்க பக்கம் திருப்பல. காயைப் பாத்தாங்க. அடிப்படை 20. மூடுன கை ரோனுக்கு 10. மூங்கில் 5-க்கு 4. எழுத்து 1 மூணுக்கு 8ன்னு நிரல் போட்டிருக்கு, மொத்தம் 42, முழுசாக்கி 50. பாட்டி அந்த மூணாவது எழுத்து 1-ஐ மட்டும் விரலால தனியா நகத்தினாங்க.

"இது எங்க இருந்து வந்துச்சு?"

"அடுத்தவர் போட்டது."

"கை மூடியிருக்கு. ஆனா இந்த செட்டு அடுத்தவன் குடுத்து முடிஞ்சது. இது தொறந்த செட்டு, 8 இல்ல, 4. மொத்தம் 38."

38-ஐ முழுசாக்கினா 40. என் நிரல்ல கை முழுசுக்கும் ஒரே ஒரு கொடிதான் இருந்துச்சு. ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியா வேணும்.

"நீ தப்பு"ன்னாங்க பாட்டி, முகம் பூரா பல்லா. எதிர்த் தாத்தா கோப்பையைக் கீழ வெச்சார். காயைக் கொட்டிக் கலைச்சாங்க. அன்னிக்கு நான் கடைசி இடம். ராத்திரி வந்து கொடியை மாத்தி எழுதும்போது மணி ரெண்டு.